காலாளும் குதிரையும் காளையும்

சென்ற தசரா விடுமுறையில் நாங்கள் ஐவர் சீரங்கப்பட்டணம் சென்றிருந்தோம். கோட்டைக்கு வெளியே தரியா தௌலத் என்னும் மாளிகை இருக்கிறது. திப்பு சுல்தான் 1784-ஆம் ஆண்டில் கட்டியது. அதன் சுவர் ஒன்றில் பெரியதொரு போர்க்களம் தீட்டப்பட்டிருக்கிறது. நடுவே சிவப்புச் சட்டை வீரர்கள் சதுரமாக நிற்கிறார்கள். சதுரத்தின் உள்ளே பல்லக்கில் ஒரு வெள்ளைக்காரத் தளபதி அமர்ந்திருக்கிறார். அருகே மருந்து வண்டி ஒன்று வெடித்துச் சிதறுகிறது. நாற்புறமும் குதிரைகள், குதிரைகள், குதிரைகள்!

என்னுடன் வந்த கன்னட நண்பர் வெகுநேரம் அப்படத்தின் முன் நின்றார். பிறகு திரும்பி, "இத்தனை குதிரைகள் சூழ்ந்திருக்கும்போது அந்தச் சின்னச் சதுரம் ஒரே மோதலில் பொடியாகி இருக்க வேண்டாமா? நீ பௌதிகம் படிப்பவன், சொல்" என்றார். எனக்கு உடனே விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிடலாம். ஆயினும் பக்கத்தில் நின்ற மற்ற மூவரும் விஞ்ஞான மாணவர்களே ஆதலால் அத்துணிவும் வரவில்லை. விடுதிக்குத் திரும்பியபின் நூலகத்தில் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் சேர்ந்து 500 கிலோ எடை என்று கொள்வோம். அணி கலையாமல் பாய்ந்து வரும் குதிரைப்படை வினாடிக்கு ஏறக்குறைய 8 மீட்டர் கடக்கும். அதன் இயக்க ஆற்றல் 16,000 ஜூல். 60 கிலோ எடையுள்ள காலாள் வினாடிக்கு 3 மீட்டர் ஓடினால் அவனிடம் உள்ளது 270 ஜூல். ஏறக்குறைய அறுபது மடங்கு வேறுபாடு! இக்கணக்கின்படி காலாள் தொலைந்தான்.

துப்பாக்கி அவனைக் காக்குமா? அக்காலத் துப்பாக்கி நம்பிக்கையோடு குறிதவறாமல் சுடும் தூரம் ஏறத்தாழ 100 கஜம். அதைக் குதிரை 11 வினாடியில் கடந்துவிடும். நன்கு பழகிய சிப்பாய் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவான். அதாவது ஒருமுறை சுட்டு மறுமுறை மருந்து கெட்டிக்க 20 வினாடி. ஆகவே குதிரை வந்து சேருமுன் ஒருவன் சுடக்கூடியது ஒரே ஒரு குண்டு. அதுவும் கை நடுங்காமல் இருந்தால்.

இங்கே வேறொரு கணக்கு குறுக்கிடுகிறது. வரிசையில் நிற்கும் ஒரு குதிரைக்கு மூன்றடி அகலம் வேண்டும். அந்த மூன்றடிக்குள் தோளோடு தோள் உரசி நிற்கும் காலாட்கள் ஒன்றரைப் பேர். மூன்று வரிசையாக நின்றால் ஒரு குதிரைக்கு எதிரே நால்வர் அல்லது ஐவர், ஒவ்வொருவர் துப்பாக்கி முனையிலும் ஒரு கத்தி. ஆக, ஒரு குதிரையை நோக்கி நாலைந்து குண்டுகள், பின்னர் நாலைந்து கத்திகள். அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று. குதிரை ஜூல் கணக்கு அறியாது. தாண்டவும் முடியாமல், இடைவெளியும் தெரியாமல், கூர்முனைகளோடு நிற்கும் மனிதச் சுவரின்மேல் அது மோதாது. நின்றுவிடும், அல்லது பக்கவாட்டில் திரும்பி ஓடும். ஓட்டுபவன் எவ்வளவு வீரனாயினும் இதுவே. 1812-ஆம் ஆண்டு ஸ்பெயினில் கார்சியா எர்னாந்தெஸ் என்னுமிடத்தில் ஜெர்மானியக் குதிரைப்படை ஒரு பிரெஞ்சுச் சதுரத்தை உடைத்தது. எப்படி? குண்டடிபட்ட ஒரு குதிரை ஓடிய வேகத்திலேயே சரிந்து சதுரத்தின்மேல் விழுந்து வழி திறந்துவிட்டது. உயிருள்ள குதிரை செய்யாததைச் செத்த குதிரை செய்தது!

எனவே சுவர் சுவராக நிற்கும்வரை காலாளே வல்லவன். ஒருவன் முதுகு காட்டிவிட்டால், ஓரிடத்தில் இடைவெளி விழுந்துவிட்டால், அப்பொழுதுதான் அந்த 16,000 ஜூலுக்கு வேலை. ஓடுகிறவனைத் துரத்தி வெட்டுவதில் குதிரைக்கு நிகர் ஏதுமில்லை.

இப்பாடத்தை ஆங்கிலேயர் தம் நாட்டிலேயே தம் இரத்தத்தால் கற்றனர். 1642 முதல் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லசும் பாராளுமன்றமும் மோதிக்கொண்டபோது காலாட்படை இரு வகையாக இருந்தது. திரி கொளுத்திச் சுடும் துப்பாக்கிக்காரர் ஒரு பகுதி. பதினாறடி நெடுவேல் தாங்கியவர் மற்றொரு பகுதி. துப்பாக்கிக்காரன் மருந்து கெட்டிக்கும் வரையில் குதிரையைத் தடுக்க நெடுவேல் வேண்டும். வேல்காரனோ எட்டத்திலிருந்து சுடுகிறவனை ஒன்றும் செய்ய இயலாது. ஒருவனுக்கு ஒருவன் துணை.

1645 ஜூன் 14 அன்று நேஸ்பியில் நடந்ததைப் பாருங்கள். மன்னரின் மருமகன் ரூபர்ட் தன் குதிரைப்படையுடன் எதிரியின் இடப்பக்கத்தைச் சிதறடித்தார். வெற்றிக் களிப்பில் அப்படியே ஓடி, களத்தைத் தாண்டி, மூட்டை முடிச்சுகள் இருந்த வண்டிகளிடம் போய் நின்றார். மறுபக்கத்தில் கிராம்வெலும் தம் எதிரே நின்ற குதிரைப்படையை வென்றார். ஆனால் அவர் துரத்திக்கொண்டு ஓடவில்லை. ஒரு பகுதியை நிறுத்தி, திருப்பி, நடுவே நின்ற மன்னரின் காலாட்படைமேல் பக்கவாட்டில் ஏவினார். கடைசிவரை கலையாமல் நின்ற ஒரு காலாட் பிரிவை உடைக்கக் குதிரையும் காலாளும் சேர்ந்து பலதிசையில் தாக்க வேண்டியிருந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடக்கரையில் மறுபடியும் காண்போம்.

1700-ஐ ஒட்டி நெடுவேல் மறைந்தது. துப்பாக்கியின் வாயை அடைக்காமல் அதன் முனையில் மாட்டும் கத்தி வந்தது. பயனெட் என்பது அதுவே. துப்பாக்கிக்காரனும் வேல்காரனும் ஒரே ஆளாயினர். அந்த ஆளைத்தான் கும்பினியார் சென்னையில் சிப்பாய் என்று பெயரிட்டு, நம் ஊர்களிலிருந்து திரட்டிப் பயிற்றினர்.

இனிச் சுவரில் கண்ட போர். 1780 ஜூலையில் ஐதர் அலி செங்கம் கணவாய் வழியாக இறங்கினார். அவரோடு எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்ததாக அக்காலத்தார் கணக்கிட்டனர். சென்னையிலிருந்து புறப்பட்ட மன்றோ காஞ்சியில் தங்கினார். குண்டூரிலிருந்து தெற்கே வந்துகொண்டிருந்த கர்னல் பெய்லி அவருடன் சேரவேண்டும். ஆகஸ்டு 25 அன்று பெய்லி கொற்றலை ஆற்றை அடைந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. காலையில் கடக்கலாம் என்று வடகரையில் கூடாரம் அடித்தார். அன்றிரவே வெள்ளம் வந்தது! செப்டம்பர் 3 வரை அவரால் கடக்க முடியவில்லை. அந்த ஒன்பது நாட்களே அவர் விதியை எழுதின. 6-ஆம் நாள் பேரம்பாக்கத்தில் திப்புவைத் தடுத்து நிறுத்தினார். 9-ஆம் நாள் மன்றோ அனுப்பிய ஆயிரம்பேர் பிளெச்சர் தலைமையில் வந்து சேர்ந்தனர். 10-ஆம் நாள் காலை பொள்ளிலூரில் ஐதரின் முழுப்படையும் சூழ்ந்துகொண்டது. காஞ்சியில் இருந்த மன்றோவுக்கும் அவருக்கும் இடையே இருந்தது வெறும் அரைநாள் நடை.

பொள்ளிலூர் என்பது வரலாற்று நூல்களின் உச்சரிப்பு. ஊரின் பெயர் புள்ளலூர். பல்லவன் மகேந்திரவர்மன் தன் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்லும் ஊரும் இதுவே என்பர். அப்பகைவன் வாதாபிச் சாளுக்கியன் புலிகேசி என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. ஆயிரம் ஆண்டுக்குமேல் கழிந்தும் கன்னட நாட்டிலிருந்து வந்த படை அதே மண்ணில்தான் வந்து நின்றது. இதை என் நண்பரிடம் சொன்னபோது, "அப்படியானால் ஒன்றுக்கு ஒன்று சரியாயிற்று" என்றார்.

பெய்லியின் சதுரம் குதிரைப் பாய்ச்சலைப் பலமுறை தாங்கியது. நம் கணக்கு பொய்க்கவில்லை. ஆனால் ஐதர் குதிரையை மட்டும் நம்பியவர் அல்லர். எட்டத்திலிருந்து அவருடைய பீரங்கிகள் முழங்கின. சதுரத்தின் பலம் நெருக்கம். பீரங்கிக்கு முன்னே அந்த நெருக்கமே பலவீனம். ஒரு குண்டு நாலைந்து பேரை வீழ்த்தும். அந்நேரத்தில் சதுரத்தின் உள்ளே இருந்த மருந்து வண்டிகள் வெடித்தன. சுவரில் தீட்டிய காட்சி அதுவே. மருந்தும் போயிற்று, அணியும் கலைந்தது. இடைவெளி விழுந்த பின்னர் நடந்ததைச் சொல்ல வேண்டுவதில்லை. மாண்டவர் போக எஞ்சியோர் சிறைப்பட்டனர். பெய்லி 1782-ல் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் இறந்தார். மன்றோ தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு ஓடினார்.

அடுத்த ஆண்டு 1781 ஜூலை 1 அன்று பரங்கிப்பேட்டை. அயர் கூட் என்னும் முதிய தளபதி; அவரிடம் 8,500 பேர். சிதம்பரம் கோயிலில் இருந்த ஐதரின் காவற்படையைத் தாக்கித் தோற்றிருந்த சமயம். ஐதர் பாதையை மறித்துப் பீரங்கி மேடைகள் கட்டிக் காத்திருந்தார். கூட் அந்த மேடைகளை நோக்கி நடக்கவில்லை. கடலோரத்து மணல் மேடுகளின் ஊடே வழி கண்டு பக்கவாட்டில் திரும்பினார். ஐதரின் பீரங்கிகள் எங்கே நோக்கி வைக்கப்பட்டிருந்தனவோ அங்கே எதிரி இல்லை! பின்வரிசை மணல் மேட்டைப் பிடித்துக்கொண்டது. குதிரைப்படை இரு வரிசைகளையும் தாக்கியது, இரண்டும் கலையவில்லை. கரையை ஒட்டி வந்த ஒரு சிறு கப்பலும் குதிரைக் கூட்டத்தின்மேல் சுட்டது. ஐதரின் மைத்துனர் மீர் அலி ரசா இப்போரில் விழுந்தார்.

புள்ளலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் அதே சிப்பாய், அதே குதிரை. ஒன்றில் அவன் மருந்தின்றி, பீரங்கிக்கு நடுவே, நகர வழியின்றி நின்றான். மற்றொன்றில் மருந்து இருந்தது, மேடு இருந்தது, பக்கத்தில் கடல் இருந்தது. வெள்ளையர் ஒழுங்கு மிக்கவர், நம்மவர் கூட்டமாய் ஓடினர் என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அது எவ்வளவு அரைகுறை என்பது இவ்விரு போர்களையும் அருகருகே வைத்தால் விளங்கும். சுவராக நின்றவனும் நம்மவனே.

ஆனால் கூட் வென்று என்ன பயன்? வென்ற மறுநாள் துரத்திச் செல்ல அவரிடம் போதிய குதிரை இல்லை. இதைவிடப் பெருங்குறை, அரிசி சுமக்க மாடு இல்லை. ஐதர் இறங்கிய நாள்முதல் சென்னையைச் சுற்றியும் வேலூரைச் சுற்றியும் ஊர்களை எரித்தார், பயிரை அழித்தார், கால்நடைகளை ஓட்டிச் சென்றார். கூட் வென்ற களத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கடற்கரைக்கே, கப்பலில் வரும் அரிசிக்கே திரும்ப வேண்டியிருந்தது. 1781 ஆகஸ்டு 27 அன்று அதே புள்ளலூரில் மீண்டும் ஒரு போர் நடந்தது. அதனாலும் ஒன்றும் முடிவாகவில்லை.

இங்கே எனக்குத் தொல்காப்பியர் நினைவு வந்தது. புறத்திணையை வகுக்கும்போது அவர் முதலில் வைப்பது வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவர்தல். மண் கவரும் வஞ்சியும், மதில் முற்றும் உழிஞையும், எதிர் நின்று பொரும் தும்பையும் அதன் பின்னரே. ஆநிரை கவர்தல் என்பது பழைய காலத்து முரட்டு வழக்கம், போருக்கு ஒரு முன்னறிவிப்பு என்றே நான் எண்ணியிருந்தேன். பதினெட்டாம் நூற்றாண்டுப் போரைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. குதிரையால் சதுரத்தை உடைக்க முடியாது. ஆனால் சதுரம் தின்னும் சோற்றைச் சுமக்கும் காளையை அது ஓட்டிச் செல்ல முடியும். களத்தில் தும்பையில் தோற்ற குதிரை, களத்துக்கு வெளியே வெட்சியில் வென்றது. அந்த வெற்றிக்கு விலை கொடுத்தவர்கள் தொண்டை நாட்டு உழவர்கள். 1782-ல் சென்னையில் பெரும்பஞ்சம்.

கொள்ளிடக்கரைக்கு வருவோம். 1782 பிப்ரவரியில் அன்னக்குடி என்னுமிடத்தில் கர்னல் பிரெய்த்வெயிட் ஏறக்குறைய இரண்டாயிரம் பேருடன் திப்புவிடம் அகப்பட்டார். சதுரம் அமைத்து ஒரு பகலும் ஓரிரவும் தாண்டி நின்றனர். திப்பு செய்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் பீரங்கி பேசும். அணி தளர்ந்ததுபோல் தோன்றும் கணத்தில் குதிரை பாயும். உடையாவிடில் குதிரை விலகும், பீரங்கி மறுபடியும் பேசும். ஈற்றில் லாலி என்னும் பிரெஞ்சுக்காரரின் காலாட்கள் பயனெட்டோடு முன்னேறினர்; சதுரம் வீழ்ந்தது. நேஸ்பியில் கடைசிச் சதுரத்துக்கு நேர்ந்ததே இங்கும். குதிரைக்கு அஞ்சி நெருங்கி நின்றால் பீரங்கி கொல்லும். பீரங்கிக்கு அஞ்சிப் பரவி நின்றால் குதிரை கொல்லும். இரசாயனம் படிக்கும் நண்பர்களுக்கு இது எளிதில் புரியும்: தனித்தனியே செயலற்ற இரண்டு பொருள்கள் கலந்தால் வெடிக்கின்றன அல்லவா?

நாம் வாழும் பெங்களூருக்கும் இக்கதையில் இடமுண்டு. 1791 மார்ச்சு 5 அன்று காரன்வாலிஸ் இந்நகரின் முன் வந்து சேர்ந்தார். கூட்டின் குறையை அவர் அறிவார். அதனால் குதிரைப்படையும் கொண்டு வந்தார். மறுநாளே அக்குதிரைப்படைத் தலைவர் பிளாயிட், திப்புவின் படை ஒன்றைக் கண்டு ரூபர்ட் செய்த தவற்றையே செய்தார். துரத்தினார், மேலும் துரத்தினார், மேடுபள்ளமான நிலத்தில் போய் மாட்டிக்கொண்டார். கன்னத்தில் குண்டு பாய்ந்தது. தலைவன் விழவே குதிரைகள் குழம்பித் திரும்பின. கௌடி என்பவரின் கீழ் இருந்த சிப்பாய்கள் அணிவகுத்து முன்வந்து சுட்டதனால் அவர்கள் தப்பினர். காலாளைக் காக்கக் குதிரை கொண்டு வந்தால், குதிரையைக் காலாள் காக்க நேர்ந்தது!

மார்ச்சு 7-ல் பேட்டையும், 21-ஆம் நாள் இரவு நிலா வெளிச்சத்தில் கோட்டையும் வீழ்ந்தன. கோட்டைத் தலைவர் பகதூர் கான் வாயிலை விட்டு ஓடாமல் போரிட்டு மாண்டார். கே. ஆர். மார்க்கெட் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எஞ்சிய கோட்டைப் பகுதி கண்ணெதிரே நிற்கிறது. மதில் உடைக்கப்பட்ட இடத்தில் ஒரு கல்வெட்டுப் பலகையும் உண்டு. தினமும் அதைக் கடந்து காய்கறி வாங்கப் போகிறவர் ஆயிரக்கணக்கானோர்.

கோட்டை பிடித்த காரன்வாலிஸ் மே மாதம் சீரங்கப்பட்டணத்தை நோக்கிச் சென்றார். 15-ஆம் நாள் அரகெரேயில் வென்றார். வென்ற பத்து நாளில் பின்வாங்கினார். ஏன்? மீண்டும் காளை. வழியெங்கும் திப்புவின் குதிரைகள் தீவனத்தை எரித்து வைத்திருந்தன. மழையிலும் பசியிலும் மாடுகள் ஆயிரம் ஆயிரமாக மடிந்தன. கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த பெரும்பீரங்கிகளை இழுக்க ஆளில்லாமல் கண்ணம்பாடியில் அவரே உடைத்துப் போட்டார். இன்று கிருஷ்ணராஜசாகரம் நீர்த்தேக்கத்தின் பெயரோடு நாம் அறிந்த அதே கண்ணம்பாடி. ஒரு துப்பாக்கியும் சுடாமல் குதிரை வென்ற போர் இது என்பேன்.

இனி அந்தச் சதுரத்துள் நின்றவர் யார் என்ற கேள்வி. படத்தில் எல்லாரும் வெள்ளையர்போல் ஒரே சட்டையில் இருக்கிறார்கள். பெய்லியின் படையில் ஐரோப்பியர் சிறு பகுதியே. பெரும்பகுதி சென்னைச் சிப்பாய்கள், தமிழரும் தெலுங்கருமாகிய நம் முன்னோர். எதிர்ப்புறம்? திண்டுக்கல்லும் கோயம்புத்தூரும் சேலமும் அன்று மைசூர் ஆட்சியில் இருந்தன. ஐதர் தலையெடுத்ததே 1755-ல் திண்டுக்கல் பௌஜ்தாராக அமர்ந்த பின்னர். ஆகவே இந்தப் போரைக் கன்னடருக்கும் தமிழருக்கும் நடந்ததாகப் பேசுவது பொருந்தாது. விடுதியில் சில சமயம் விளையாட்டாக அப்படிப் பேசுவதுண்டு, நானும் பேசியிருக்கிறேன். சிறைப்பட்ட ஆங்கில அதிகாரிகள் விடுதலைக்குப்பின் தம் துன்பத்தை நூலாக எழுதினர். சிப்பாய் எழுதியதென்று ஒரு பக்கமும் என் கைக்கு எட்டவில்லை. அவன் பெயர் தெரியாது. அவன் தின்ற அரிசியின் கணக்கு மட்டும் தெரிகிறது.

கண்ணம்பாடிக்குப் பிறகு காரன்வாலிஸ் செய்ததைச் சொல்லி முடிக்கிறேன். அவர் புதிய பீரங்கியைத் தேடுமுன் மாட்டைத் தேடினார். தானியம் சுமந்து விற்கும் லம்பாடிகளைத் தம் பக்கம் இழுத்தார். ஜூலையில் ஓசூரையும் இராயக்கோட்டையையும் பிடித்தார். அக்டோபர் 19-ல் நந்திமலை. டிசம்பர் 21-ல் சாவனதுர்க்கம். நாம் சூரிய உதயம் காணவும் பாறை ஏறவும் போகும் இடங்கள்தாம் இவை. ஒவ்வொன்றும் மூட்டை சுமந்துவரும் மாடுகளின் வழியைக் குதிரைகள் பாயாதபடி காக்கும் காவல் மேடு. வழி திறந்தபின் 1792 பிப்ரவரி 6-ஆம் நாள் இரவில், பீரங்கியின்றிக் காலாட்களை மட்டும் மூன்று பிரிவாக்கிச் சீரங்கப்பட்டணத்து அரண்களின்மேல் ஏவினார். இரவில் குதிரைப்படை எளிதில் பாய முடியாது அல்லவா!

விடுமுறைக்கு ஊர் போகும் நம் பேருந்துகள் ஓசூரைத் தாண்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் இறங்குகின்றன. 1791 மழைக்காலத்தில் பாரமகாலிலிருந்து அரிசி மூட்டைகளோடு காளைகள் மேலே ஏறி வந்தது இந்தப் பக்கத்து வழிகளில்தான்.